மேகங்களைக் கணக்கிட்டவர்கள் – 6: வானத்து ஏற்றம்

சித்திரை முதல் நாளன்று கோயில் மண்டபத்தில் பஞ்சாங்கம் வாசிக்கக் கேட்டிருக்கிற வாசகர்களுக்கு, அவ்வருஷத்திற்கு ராஜா இன்ன கிரகம், மந்திரி இன்ன கிரகம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும் சாஸ்திரிகள் மேகாதிபதியின் பெயருக்கு வந்ததும், அதுவரை தூணில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்த மிராசுதார்கள் திடீரென்று நிமிர்ந்து உட்காரும் காட்சி நினைவிருக்கும். எத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு எத்தனை பாகம், மலைக்கு எத்தனை பாகம், பயிரிடும் பூமிக்கு மிஞ்சுவது எத்தனை பாகம் என்பதே அவர்களுக்கு வேண்டிய சமாசாரம். மற்றக் கிரகங்கள் எப்படிப் போனால் என்ன? மார்கழியில் கர்ப்போட்டத்தைக் கவனித்து அடுத்த வருஷத்து மழையைச் சொல்லும் கிராமத்துப் பெரியவருக்கும், இமயமலையில் விழுந்த பனியை விசாரித்து அந்த வருஷத்துப் பருவமழையைச் சொன்ன வானிலை இலாகாத் தலைவர் பிளான்ஃபோர்டு துரைக்கும் நோக்கத்தில் பேதம் கிடையாது. இன்று கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைக் கொண்டு இனி வரப்போகிற ஒன்றை ஊகிக்க முயன்றவர்களே இருவரும். பேதம் எல்லாம், துரையினுடைய ஊகம் எத்தனை தடவை பலித்தது, எத்தனை தடவை பொய்த்தது என்பது சர்க்கார் காகிதத்தில் பதிவாகிவிடும் என்பதில்தான்.

தாது வருஷப் பஞ்சத்தில் அரைக் கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் மடிந்ததையும், 1875இல் தோன்றிய வானிலை இலாகாவின் தலையில் அந்தப் பஞ்சத்திற்குப் பிறகு பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் பாரம் வந்து விழுந்ததையும், 1886 ஜூன் 4ஆம் தேதி பிளான்ஃபோர்டு முதல் முறையான அறிவிப்பை வெளியிட்டதையும் சென்ற இதழில் பார்த்தோம். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட், இமயமலைப் பனியோடு ஆஸ்திரேலியா, மோரிஷஸ் முதலிய தூர தேசங்களின் காற்றழுத்தக் குறிப்புகளையும் சேர்த்துக்கொண்டு விஸ்தாரமான அறிக்கைகளை எழுதினார். அறிக்கை நீண்டதே தவிர மழை அதற்குக் கட்டுப்படவில்லை. 1899இல் நல்ல மழை உண்டென்று அவர் சொல்லப்போக, அந்த வருஷமோ தேசம் அதுவரை கண்டவற்றுள் மிகக் கொடிய வறட்சிகளுள் ஒன்றாக முடிந்தது. பத்திரிகைகள் சும்மா விடுமா? அவற்றின் கண்டனத்தைப் பொறுக்கமாட்டாமல், சில வருஷங்கள் பருவமழை அறிவிப்பையே வெளியிடாமல் சர்க்காருக்குள் இரகசியமாக வைத்துக்கொண்டார்கள். ஏரும் மாடுமாக வானத்தைப் பார்த்து நின்ற குடியானவனுக்கு, மழை வருமா வராதா என்பது அரசாங்க இரகசியம் என்று பதில் சொன்ன இலாகா உலகத்தில் வேறு இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த நிலையில், 1904இல், எலியட்டின் ஸ்தானத்தில் வந்து அமர்ந்தவர் கில்பர்ட் வாக்கர். வானிலை சாஸ்திரத்தில் அவருக்கு அதுவரை யாதொரு பரிசயமும் இல்லை என்பதுதான் இந்த நியமனத்தின் விசேஷம். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1868இல் பிறந்து, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் டிரினிட்டி கல்லூரியில் படித்து, 1889ஆம் வருஷத்துக் கணிதப் பரீக்ஷையில் 'சீனியர் ராங்ளர்' என்று சொல்லப்படும் முதல் ஸ்தானத்தை அடைந்தவர் அவர். பிறகு அதே கல்லூரியில் உபாத்தியாயராக இருந்துகொண்டு, மின்காந்த சக்தியைப் பற்றியும், சுழலும் பொருள்களின் இயக்கத்தைப் பற்றியும் ஆராய்ந்து வந்தார். எறிந்தவனிடமே திரும்பி வருவதும், நம் சிவகங்கைச் சீமையார் கையாண்ட வளரிக்குத் தாயாதி என்று சொல்லத்தக்கதுமான 'பூமராங்' என்னும் ஆஸ்திரேலிய ஆயுதம் ஆகாயத்தில் எந்த விதிப்படி வளைந்து திரும்புகிறது என்பதைக் கணிதத்தால் நிரூபித்து 1897இல் ஒரு கட்டுரை எழுதினார். நிரூபித்ததோடு நில்லாமல் கல்லூரிக்குப் பின்புறத்துப் புல்வெளியில் அதை ஓயாமல் எறிந்து பார்த்துக்கொண்டும் இருந்தபடியால், நண்பர்கள் அவருக்கு 'பூமராங் வாக்கர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புல்லாங்குழலிலும் அவருக்குப் பித்து உண்டு. வாசிப்பதோடு, அதன் அமைப்பை எப்படித் திருத்தலாம் என்றும் யோசித்துக்கொண்டிருந்தவர். காற்று குழலுக்குள் என்ன செய்கிறது என்று கேட்டவரை, அது சமுத்திரத்தின் மேல் என்ன செய்கிறது என்று கேட்கும்படி இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார்கள்.

வந்தவர் முதலில் செய்த காரியம், தமக்கு முன்னோர் சொல்லிவைத்திருந்த காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் போட்டதுதான். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் ஏற்றத்தாழ்வே பூமியின் மழையை நிர்ணயிக்கிறது என்பது அக்காலத்துப் பண்டிதர் பலருடைய திடமான நம்பிக்கை. வாக்கர் உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் மழை, வெப்பம், காற்றழுத்தம் ஆகிய மூன்றின் குறிப்புகளையும் திரட்டிக் கரும்புள்ளிகளோடு ஒப்பிட்டு, சம்பந்தம் இருக்கலாம், ஆனால் மழையைச் சொல்ல உதவும் அளவுக்கு அதில் பலம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். காடுகளை வெட்டியதாலும், பாசனக் கால்வாய்களை வெட்டியதாலும் இந்தியாவின் சீதோஷ்ணமே நிரந்தரமாக மாறிவிட்டது, இனி பழைய மழை வராது என்றொரு பேச்சு பலமாக அடிபட்டது. அதையும் பழைய குறிப்புகளைக் கொண்டு சோதித்து, 1910இல் அது ஆதாரமற்றது என்று எழுதினார். அந்த வழக்கு நம் காலத்தில் வேறு சாக்ஷியங்களோடு மறுபடியும் விசாரணைக்கு வந்து, தீர்ப்பு வேறு விதமாக ஆகியிருக்கிறது என்பதை வாசகர் அறிவார்கள். ஆனால் அன்று கைவசம் இருந்த சாக்ஷியத்துக்கு அன்றைய தீர்ப்பு சரியே.

அவர் கையாண்ட தராசு எது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கிலாந்தில் கால்டன், பியர்சன் என்னும் இருவர், மனித சரீர அளவுகளையும் பரம்பரைக் குணங்களையும் ஆராயும்போது, இரண்டு விஷயங்களுக்கு இடையிலுள்ள சம்பந்தத்தை ஒரே எண்ணால் அளந்து சொல்லும் உபாயம் ஒன்றைச் சமைத்திருந்தார்கள். காவேரியில் வந்த வெள்ளத்தையும் தஞ்சாவூர் ஜில்லாவின் நெல் மகசூலையும் நாற்பது வருஷத்துக்கு இரண்டு பத்திகளாக எழுதிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பத்தியிலும் சராசரியைக் கண்டு, ஒவ்வொரு வருஷமும் அச்சராசரிக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே போயிற்று என்று குறித்து, எதிரெதிரே உள்ள இரண்டையும் பெருக்கி, பெருக்கியவற்றையெல்லாம் கூட்டி, உரிய முறையில் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். இரண்டும் இணைபிரியாமல் சேர்ந்தே ஏறி இறங்கினால் அது ஒன்று. ஒன்று ஏற மற்றது தவறாமல் இறங்கினால் மைனஸ் ஒன்று. ஒன்றுக்கொன்று உறவே இல்லையென்றால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஒட்டுறவுக் கெழு என்று நம் பாடப்புஸ்தகங்கள் இதைச் சொல்கின்றன. பார்வைக்கு எளிய இந்தக் கணக்கை யந்திரத்தின் உதவியின்றி ஒரு தடவை செய்து பார்த்தவர்களுக்குத்தான், வாக்கரின் இலாகாவில் பல வருஷங்கள் ஓயாமல் நடந்த வேலையின் பாரம் விளங்கும். பத்திகள் இரண்டல்ல, ஜான்ஜிபார் மழை, மோரிஷஸ் அழுத்தம், தென் அமெரிக்க அழுத்தம், இமயமலைப் பனி, நைல் நதியின் வெள்ளம் என்று உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் வந்து குவிந்த பத்திகள். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒரே பருவத்துக்கும், அதற்கு முந்திய பருவத்துக்கும், பிந்திய பருவத்துக்கும் ஒப்பிட வேண்டும். முதல் மகா யுத்தத்தின்போது வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் பலர் போய்விட, இலாகாவின் இந்தியக் குமாஸ்தாக்கள் இந்தக் கணக்குகளைப் போட்டுத் தள்ளினார்கள். அவர்களில் எவருடைய பெயராலும் காற்றோ கடலோ இன்று வழங்கவில்லை.

இங்கே ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. வாக்கரின் மேதையை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம், அவர் அந்த ஆபத்தைத் தாமே கண்டு தமக்கு எதிராகவே எச்சரிக்கை செய்துகொண்டதுதான். ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர் நூறு ஜாதகங்களைப் புரட்டினால், பத்துப் பொருத்தமும் பழுதறக் கூடிய ஜாதகம் ஒன்றாவது அகப்படத்தான் செய்யும்; அகப்பட்டது அந்த ஜாதகத்தின் மகிமையாலா, நூறு புரட்டியதாலா என்று யாரும் யோசிப்பதில்லை. அதுபோலவே, மழையோடு யாதொரு உறவும் இல்லாத நூறு பத்திகளை எடுத்துவைத்து ஒப்பிட்டாலும், தற்செயலாகவே ஒன்றிரண்டு மிகப் பொருத்தமாக நடிக்கும். அந்த நடிப்பை உறவென்று நம்பி அடுத்த வருஷத்து மழையைச் சொன்னால் மானம் போகும். ஆகவே, எத்தனை பத்திகளிலிருந்து பொறுக்கியெடுத்தோம் என்பதைக் கணக்கில் கொண்டு, பொறுக்கியதில் மிகச் சிறந்ததன் கெழு தற்செயலால் மட்டுமே எவ்வளவு உயரக்கூடும் என்று நிர்ணயித்து, அதற்கு மேல் உயர்ந்ததையே நம்ப வேண்டும் என்று 1914இல் ஒரு விதி வகுத்தார். இன்று பெரிய பெரிய கணிப்பொறிகளை வைத்துக்கொண்டு லக்ஷக்கணக்கான பத்திகளைப் புரட்டுகிறவர்களில் எத்தனை பேர் இந்த நாணயத்தைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று கேட்டால், பதில் அவ்வளவு மகிழ்ச்சி தருவதாக இராது.

இந்த மனிதர் சென்னைக்கு வந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1913 பிப்ரவரியில் அவர் இங்கே வந்திருந்தபோது, துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் ஆபீஸில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் இருந்த ஒரு குமாஸ்தாவின் நோட்டுப்புஸ்தகத்தை அவரிடம் காட்டினார். சுத்த கணிதம் தம்முடைய துறை அன்று என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட வாக்கர், ஆயினும் இந்த வேலையின் தன்மை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றில் கணித ஆராய்ச்சியாளராக இருப்பவருடைய வேலையோடு ஒப்பிடத்தக்கது என்றும், இவர் ஜீவனக் கவலையின்றிச் சில வருஷங்கள் கணிதத்திலேயே ஈடுபட வழிசெய்ய வேண்டும் என்றும் சென்னைச் சர்வகலாசாலைக்கு உடனே கடிதம் எழுதினார். சில மாதங்களுக்குள் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உபகாரச் சம்பளம் இரண்டு வருஷத்துக்கு மஞ்சூராயிற்று. குமாஸ்தாவின் பெயர் ஸ்ரீநிவாச ராமானுஜன். தமக்குத் தெரியாத துறையில் தமக்கு மேற்பட்ட ஒருவரை ஒரு பார்வையில் இனம் கண்டுகொண்டவருக்கு, எண்களின் கும்பலில் மெய்யையும் பொய்யையும் இனம் பிரிப்பது கைவந்தது ஆச்சரியமன்று.

இருபது வருஷ உழைப்புக்குப் பின் அவர் கண்டது என்ன? உலகத்துக் காற்றழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்குவதில்லை. மூன்று பெரிய ஏற்றமரங்கள்போல, ஒரு முனை தாழும்போது மறுமுனை எழுகிறது. வட அட்லாண்டிக்கில் ஒன்று, வட பசிபிக்கில் ஒன்று. இவை இரண்டையும்விடப் பெரிதான மூன்றாவது, பசிபிக் சமுத்திரத்துக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே ஆடுவது. நம் கிணற்றடியில் ஏற்ற மரத்தின்மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்கச் சால் இறங்கி ஏறுவதைக் கண்டவர்கள், அதே காட்சியை அரைப் பூகோளத்தின் அளவுக்குப் பெருக்கிக்கொள்ளட்டும். பசிபிக்கின் தென்கிழக்கில் அழுத்தம் வழக்கத்துக்கு மேல் உயர்ந்தால், இந்து சமுத்திரத்திலும் ஆஸ்திரேலியாவின் வட கரையிலும் அது தாழ்கிறது. இந்தியாவிலும் ஜாவாவிலும் மழை செழிக்கிறது. அந்த முனை தாழ்ந்தால் இந்த முனை எழுகிறது; இங்கே மேகம் கலைகிறது. இத்தகைய ஆட்டத்தின் அடையாளங்களை ஸ்வீடன் தேசத்து ஹில்டெபிராண்ட்ஸனும், இங்கிலாந்தில் லாக்கியர் தந்தையும் மகனும் முன்னமே கண்டிருந்தார்கள். ஆனால் அதன் எல்லைகளை வகுத்து, 'தென் அலைவு' என்று பெயரிட்டு, 1923, 1924ஆம் வருஷங்களில் வெளியான கட்டுரைகளில் எண்களால் ஸ்தாபித்தவர் வாக்கர்.

கண்டுபிடித்தவரையே விதி எப்படிப் பரிகசித்தது என்று பாருங்கள். அவர் தேடியது மழைக்கு முன்னால் வரும் அடையாளம். கிடைத்த எண்களை உற்றுப் பார்த்தால், இந்தியப் பருவமழைக்கும் அதற்கு முந்திய மாதங்களின் தென் அலைவுக்கும் உள்ள உறவைவிட, பருவமழைக்கும் அதற்குப் பிந்திய மாதங்களின் தென் அலைவுக்கும் உள்ள உறவே பலமாக இருந்தது! இந்த ஏற்றமரம் திசை மாறுவதே பெரும்பாலும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில். அதாவது நாம் ஆவலோடு அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சமயத்தில். அவர் ஸ்தானத்தில் பின்னால் இருந்த சார்லஸ் நார்மண்ட் 1953இல் இதைச் சுட்டிக்காட்டி, பிற தேசங்களைக் கொண்டு இந்திய மழையைச் சொல்வதைக் காட்டிலும் இந்திய மழையைக் கொண்டு பிற தேசங்களின் வானிலையைச் சொல்வது எளிது என்ற கருத்தை வெளியிட்டார். பஞ்சத்தைத் தடுக்க ஜோசியம் கேட்கப் போனவனுக்கு, அண்டை வீட்டுக்காரனுடைய பலன் கிடைத்த கதைதான்.

1924இல் வாக்கர் 'சர்' பட்டத்தோடு ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்து வருஷம் பேராசிரியராக இருந்தார். அவர் விட்டுச்சென்ற சூத்திரங்களைக் கொண்டு இலாகா மேலும் பல வருஷங்கள் அறிவிப்பு வெளியிட்டது. ஆனால், அவர் பொறுக்கியெடுத்த அடையாளங்களில் சில, நாள் செல்லச் செல்லப் பலமிழந்தன. காரணம் தெரியாமல் எண்களை மட்டும் நம்பிக் கட்டியதற்கு இதுதான் கதி என்று சக பண்டிதர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஏற்றமரம் ஆடுகிறது என்று வாக்கர் காட்டினாரே தவிர, அதன்மேல் நடக்கும் ஆள் யார் என்று அவரால் சொல்ல முடியவில்லை. காரணத்தைக் காணும்வரை காத்திருந்தால் மழை காத்திருக்காது என்பது அவர் கட்சி.

அந்த ஆள் கடலுக்குள் இருந்தான். பசிபிக்கில் வழக்கமாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று, வெயிலில் காய்ந்த மேல்தண்ணீரை மேற்கே இந்தோனேசியாப் பக்கம் தள்ளிக் குவித்துவைக்கிறது. அங்கே காற்று சூடேறி மேலெழும்பி மழையாகிறது, எதிர்க்கரையில் குளிர்ந்து கீழிறங்குகிறது. காற்று தளர்ந்தால் வெந்நீர் கிழக்கே பெரு தேசத்துப் பக்கம் திரும்புகிறது. மழையும் அதன் பின்னாலேயே போய்விடுகிறது. நம் பக்கத்தில் காற்று கீழிறங்கி மேகத்தை அமுக்குகிறது. கிறிஸ்துமஸ் காலத்தை ஒட்டிக் கடல் சூடாவதைக் கண்ட பெரு தேசத்துச் செம்படவர்கள் அதற்குக் குழந்தை யேசுவின் பெயரால் 'எல் நினோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். செம்படவரின் எல் நினோவும் இந்திய வானிலை இலாகாவின் தென் அலைவும் ஒரே பொருளின் இரண்டு பக்கங்கள் என்பது அவர்களுக்கும் தெரியாது, வாக்கருக்கும் தெரியாது.

இவ்வளவு தெரிந்த பின்னாவது மழை பிடிபட்டதா என்றால், ஓரளவு. 1986இல் அமெரிக்காவில் மார்க் கேன், ஸ்டீபன் செபியாக் என்னும் இருவர், கடலும் காற்றும் ஒன்றையொன்று தள்ளும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதிக் கணிப்பொறியில் ஓட்டி, எல் நினோவை முன்கூட்டியே சொன்னார்கள். ஆனால் எல் நினோவைச் சொல்வது வேறு, நம் மழையைச் சொல்வது வேறு. 1997இல் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களுள் ஒன்று மூண்டும், இந்தியாவில் சராசரிக்குக் குறையாத மழை பெய்தது. 2002இல், வாக்கரின் வழியைப் பின்பற்றிப் பதினாறு அடையாளங்களைக் கொண்டு அமைத்த சூத்திரம் சாதாரண மழை என்று சொல்ல, தேசத்துக்கு நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு மழை குறைந்தது. மறு வருஷமே அந்தச் சூத்திரத்தை மாற்றினார்கள். இதில் தமிழ்நாட்டின் கணக்கோ தலைகீழ். வட இந்தியாவை வாட்டும் எல் நினோ, ஐப்பசி கார்த்திகையில் நமக்குப் பெரும்பாலும் மழையைக் கூட்டியே தருகிறது. 2015இல் தென்மேற்குப் பருவமழை நூற்றுக்குப் பதினான்கு பங்கு பொய்த்து வடக்கே குளங்கள் வறண்டிருக்க, அதே எல் நினோ வருஷத்தின் டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்ததை நேரில் அனுபவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சர் கில்பர்ட் வாக்கர் 1958 நவம்பர் 4ஆம் தேதி, தொண்ணூறாவது வயதில் காலமானார். உலக தேசங்கள் பலவும் கூடிப் பூமியையும் கடலையும் அளந்துகொண்டிருந்த சர்வதேச பௌதிக வருஷத்தில், பெரிய எல் நினோ ஒன்றின் எண்கள் பசிபிக்கிலிருந்து வந்து சேர்ந்த சமயம் அது. அந்த எண்களை வைத்துக்கொண்டு, கடலின் சூட்டையும் காற்றின் ஆட்டத்தையும் ஒன்றாக முடிச்சிட்டவர் கலிபோர்னியாவில் இருந்த நார்வே தேசத்தவரான ஜேகப் பியர்க்னெஸ். பசிபிக்கின் மேற்கே எழுந்து கிழக்கே இறங்கும் அந்தக் காற்றுச் சுழற்சிக்கு 1969இல் அவர் 'வாக்கர் சுழற்சி' என்று பெயரிட்டார். இந்தப் பியர்க்னெஸின் தகப்பனார் வில்ஹெல்ம், வாக்கர் இந்தியாவில் பொறுப்பேற்ற அதே 1904இல், பழைய குறிப்புகளைப் புரட்டும் வேலையே வேண்டாம், இன்றைய வானத்தின் நிலை முழுவதும் தெரிந்தால் பௌதிக விதிகளைக் கொண்டே நாளைய வானத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அவரையும், அவர் சொன்னதை யுத்தகளத்தில் உட்கார்ந்து கையாலேயே கணக்கிட்டுப் பார்த்த ரிச்சர்ட்ஸன் என்பவரையும் அடுத்த இதழில் சந்திப்போம்.